214ஆம் இலக்க வாசகர்

வருகை தந்தோர்:

1. திரு. கனகலிங்கம், வாசகர் வட்டத் தலைவர், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, ‘களப்பு வழி’ நாவலின் ஆசிரியர்.
2. திருமதி ராஜினி, நூலகர்.
3. திரு. தயாபரன், வாசகர் வட்டச் செயலாளர், ஆசிரியர்.
4. திருமதி தனுஷா, நூலக உதவியாளர் (ஒப்பந்தம்).
5. திரு. ராஜரத்தினம், விவசாயி, அங்கத்தவர் இலக்கம் 214.
6. நிரோஜன், கூட்டக் குறிப்பு எழுதியவர்.

இந்த ஆறு பெயரையும் நான்தான் எழுதினேன். ஆனால் என் கையெழுத்தில் எழுதவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் வேண்டுமென்றே பெரிதாகவும் கோணலாகவும் போட்டேன். மேசையின் நடுவில் முப்பத்தாறு நாவல்கள் அடுக்கியிருந்தன. முப்பத்தேழாவது கனகலிங்கம் சேரின் மடியில் இருந்தது. எல்லாவற்றிலும் கடைசி வெற்றுப் பக்கத்தில் யாரோ பென்சிலால் அபிப்பிராயம் எழுதியிருந்தார்கள். அந்த யாரோ நான்.

குறிப்பு எழுதுவது தயாபரன் சேரின் வேலை. முந்தின கிழமை அவருடைய மோட்டார் சைக்கிள் ஒரு மாட்டில் அடிபட்டு, வலக்கைக்கு பிளாஸ்டர் போட்டிருந்தார். பத்திரிகை மேசையில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீர் கம்பஸ் போன ஆள்தானே. வந்து இதில இருந்து எழுதும்.”

“முடிக்கேல்லை சேர்.”

“கூட்டக் குறிப்பு எழுத டிகிரி வேண்டாம். வாரும்.”

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். எழுந்து போனேன்.

நான் வவுனியாவில் இரண்டு வருடம் படித்துவிட்டு நின்றவன். இப்போது ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இரவு வேலை. நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் பக்கத்தில் இருந்து அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிற வேலை. மிச்ச நேரத்தில் வாசித்தேன். மூன்று வருடத்தில் இந்த நூலகத்தின் நாவல் அலுமாரியை ஏறக்குறைய முடித்துவிட்டேன்.

ஆனால் எனக்கு அங்கத்துவ அட்டை இல்லை. அங்கத்துவம் எடுக்க வரி கட்டுகிற ஒருவர் பிணை வைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இருக்கும் காணிக்கு இன்னும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை, வரியும் இல்லை. அம்மா ராஜரத்தினம் அண்ணையின் வயலில் களை பிடுங்கப் போகிறவ. அந்தப் பழக்கத்தில் அவரிடம் கேட்டேன். அவர் உடனே வந்தார். படிவத்தைக் கையில் வாங்கினார். எழுத்துக் கூட்டி வாசிக்கிற மனிதர், கண்ணாடியும் கொண்டுவரவில்லை. பிணையாளர் கையொப்பம் இட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு விண்ணப்பதாரர் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் தன் பெயரை அழகாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார். மூன்று கிழமையில் அட்டை வந்தது. அவருடைய பெயரில்.

அதைத் திருத்த மறுபடி நூலகத்தை நடத்தும் பிரதேச சபைக்கு எழுத வேண்டும், மூன்று மாதமாவது போகும் என்று தனுஷா அக்கா சொன்னா. “இப்போதைக்கு இதில எடு, பிறகு பார்ப்பம்” என்றா. அந்த இப்போதைக்கு மூன்று வருடம் ஆகிவிட்டது. நான் சனிக்கிழமைகளில் மட்டும் போவேன். சனிக்கிழமை ராஜினி மிஸ்ஸுக்கு லீவு.

ஒருவரின் அட்டைக்கு இன்னொருவரிடம் புத்தகம் கொடுத்தால் கொடுத்தவர்தான் பொறுப்பு. அது விதி. தனுஷா அக்கா ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் வேலை செய்கிறா. புருஷன் இல்லை, ஒரு மகள். நிரந்தர நியமனத்துக்கான சிபாரிசுக் கடிதம் திங்கட்கிழமை சபைக்குப் போகிறது. அதில் ராஜினி மிஸ் கையெழுத்து வைக்க வேண்டும். வருடாந்தக் கணக்கெடுப்பில் இந்தப் பென்சில் எழுத்துகள் பிடிபட்டன. எல்லாப் புத்தகத்தின் திகதித் தாளிலும் 214 என்று இருந்தது. அதனால்தான் கடிதத்துக்கு முன் இந்த விசாரணை.

நான் எழுந்து, “எழுதினது நான்” என்று சொல்லலாம். அடுத்த கேள்வி, “உமக்குப் புத்தகம் தந்தது யார்?” என்பதாக இருக்கும். அதோடு அக்காவின் வேலை போய்விடும். ஆகவே நான் சொல்ல முடியாது.

இந்த விசாரணைக்கு வரச் சொல்லிப் பதிவுத் தபால் வந்தபோது ராஜரத்தினம் அண்ணை அதை ஆலைக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுவந்தார். காலையில் வேலை முடிந்து நான் அங்கேதான் போவேன். அவரும் வருவார். மூன்று வருடமாக ஒவ்வொரு காலையும், “என்ன கதை?” என்று கேட்பார். முந்தின இரவு வாசித்ததைப் பத்து நிமிடத்தில் சொல்லுவேன். கதையை மட்டும். கதை மேல் எனக்கு வந்த கோபத்தை அவரிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அதைத்தான் பென்சிலால் எழுதினேன்.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் யோசிக்கவே இல்லை.

“நான்தான் எழுதினதெண்டு சொல்லுறன். எனக்கென்ன? அட்டையை வெட்டுவினம். வெட்டட்டும்.”

“கேள்வி கேப்பினம் அண்ணை.”

“கேக்கட்டுமே. நீ சொன்ன கதையெல்லாம் எனக்கு ஞாபகம் கிடக்கு. உன்னைவிட.”

அது உண்மைதான். இரண்டு காலைகள் இருந்து அவருக்கு எது எதில் என்ன எழுதினேன் என்று சொல்லிக்கொடுத்தேன். முப்பத்தாறு புத்தகத்துக்குச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

இப்போது அவர் மேசையின் அந்தப் பக்கம் துவைத்த சேட்டோடு இருந்தார். தனுஷா அக்கா புத்தகம் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நின்றா. என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ராஜினி மிஸ் முதல் புத்தகத்தை எடுத்தா. அது ஒரு துப்பறியும் நாவல். கடைசிப் பக்கத்தைத் திறந்து, பத்திரிகைச் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தா.

“‘நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. இந்த ஆளின் எல்லாக் கதையிலும் ஒருவன் எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டு மரியாதையாகப் பேசுவான். அவன்தான். மரியாதையானவர்கள் மேல் இவருக்கு என்ன கோபமோ.’”

தயாபரன் சேர் சிரித்துவிட்டார். மிஸ் பார்த்ததும் இருமினார்.

“இதில சிரிக்க என்ன கிடக்கு மாஸ்டர்? பொதுச் சொத்து.”

“இல்லை மிஸ், நானும் அவற்ற புத்தகம் வாசிக்கிறனான். இப்பிடி ஒருத்தர் சொல்லித் தாறதெண்டால் பாதியில வைச்சிருப்பன்.”

அடுத்தது ராசா கதை. ஐந்து பாகம். “‘முதலாம் பாகத்தில் குதிரை வருகிறது. ஐந்தாம் பாகத்திலும் வருகிறது. குதிரையின் பெயர், சுழி, நிறம் எல்லாம் தெரிகிறது. அதற்குப் புல் அறுத்துப் போட்டவனின் பெயர் ஐந்து பாகத்திலும் இல்லை.’”

பிறகு ஒரு காதல் நாவல். “‘முந்நூறு பக்கம். ஒருவரும் சமைக்கவில்லை. ஒருவருக்கும் பசிக்கவில்லை. இவர்கள் கல்யாணம் கட்டி மூன்றாம் நாள் என்ன செய்வார்கள் என்று எழுதினால் வாசிப்பேன்.’”

பேய்க்கதை. “‘பாழடைந்த வீட்டில் பேய். எங்கள் ஊரில் பாழடைந்த வீடு இருபது இருக்கிறது. யாரும் பயப்படுவதில்லை. கதவு நிலையைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள்.’”

எதிர்காலத்தைப் பற்றிய ஒன்று. “‘நூறு வருடத்துக்குப் பிறகு இயந்திரம் சோறு சமைக்கிறது. அப்போதும் கோப்பை கழுவுவது அவன் மனைவிதான். விஞ்ஞானம் இன்னும் வளர வேண்டும்.’”

இந்த இடத்தில் ராஜினி மிஸ்ஸின் குரல் ஒரு கணம் நின்றது. வாயின் ஓரம் அசைந்ததைப் பார்த்தேன். உடனே அடுத்த புத்தகத்தை எடுத்தா. அது தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய நாவல்.

“‘எழுதியவர் மலைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார், பங்களா பக்கத்தில் நின்று. எல்லோரும் அழுகிறார்கள். சம்பள நாளில் லயத்தில் எப்படிச் சிரிப்பார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறா. அது ஒரு வரிகூட இல்லை.’”

கனகலிங்கம் சேர் நிமிர்ந்தார். “அம்மா எண்டு கிடக்கோ?”

“ஓம் சேர்.”

அவர் ராஜரத்தினம் அண்ணையைப் பார்த்தார். அண்ணையின் தாய் தந்தை யாழ்ப்பாணத்து வேலணைக்காரர்; குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர்கள். அது எல்லோருக்கும் தெரியும். இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னபோது அந்த ஒரு வரியை மறந்தே போனேன். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

“உங்கட அம்மா எப்ப லயத்தில இருந்தவா, ராசரத்தினம்?”

அண்ணை கதிரையில் கொஞ்சம் அசைந்தார். “என்ர அம்மா இல்லை ஐயா. எங்கட வயலுக்கு வாற சுப்பம்மா சொன்னது. எல்லாரும் அவவை அம்மா எண்டுதான் கூப்பிடுறது.”

சுப்பம்மா என் அம்மா. நான் குனிந்து, கோணல் எழுத்தில், ‘விளக்கம் அளித்தார்’ என்று எழுதினேன்.

தயாபரன் சேர் எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி இது? கோழி கிளறின மாதிரிக் கிடக்கு. கம்பஸில இதுதானோ படிப்பிச்சவை? அதான் விட்டிட்டு வந்தனீரோ?”

“பேனை சரியில்லை சேர்.”

“ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்.”

அவர் அதோடு விட்டார். ஆனால் ராஜினி மிஸ் விடவில்லை. புத்தகங்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அண்ணையை நேராகப் பார்த்தா.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இதெல்லாம் நீங்கள் வாசிச்சனீங்களோ?”

“ஓம் பிள்ளை.”

“யூரியா போடுறது எப்ப, நாவல் வாசிக்கிறது எப்ப, அண்ணை?” தயாபரன் சேர் கேட்டார்.

“யூரியா வந்தால்தானே போடுறது. வராத போகம் எல்லாம் வாசிச்சனான்.”

“ஆனை வாறேல்லையோ உங்கட பக்கம்?”

“வரும். அதுக்கு வாசிக்கிற பழக்கம் இல்லை.”

தயாபரன் சேர் பிளாஸ்டர் கையால் மேசையில் தட்டிச் சிரித்தார். வலித்திருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஸ் சிரிக்கவில்லை என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, இந்தத் துப்பறியும் நாவலில ஆரைக் கொல்லுறது?”

“நகைக்கடைக்காரனை. கொலை செய்தது அவற்ற டொக்டர். மருந்துக்குள்ள வைச்சுக் குடுத்தது. எனக்கெண்டால் அந்த டொக்டரில பிழை சொல்ல மனமில்லை பிள்ளை. அந்தக் கடைக்காரன் வேலைக்காரப் பெட்டையைப் படுத்தின பாடு அப்பிடி. நானெண்டால் பொலிசுக்குச் சொல்லியிருக்கமாட்டன்.”

“காதல் கதை?”

“அது சப்பு. பெடியன் அழுதுகொண்டே திரியிறான். ஒரு வேலையும் செய்யேல்லை.”

“ராசா கதை பிடிச்சதோ?”

“மூண்டாம் பாகத்தில குளம் கட்டுறது மட்டும் பிடிச்சது. தண்ணி திறந்துவிடுற துருசை எங்க வைக்கிறதெண்டு ராசாவும் மந்திரியும் சண்டை பிடிப்பினம். மந்திரி சொன்ன இடம்தான் சரி. ராசா சொன்ன இடத்தில வைச்சிருந்தால் முதல் மாரிக்கே கட்டு போயிருக்கும்.”

மிஸ் ஐந்தாறு புத்தகம் கேட்டா. எல்லாவற்றுக்கும் சொன்னார். சிலவற்றில் என் அபிப்பிராயத்தைவிட அவருடையது நல்லதாக இருந்தது. துருசு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த அத்தியாயத்தை நான் வேகமாகப் புரட்டிக் கடந்திருந்தேன். மிஸ்ஸின் முகத்தில் சந்தேகம் மெல்ல மெல்லக் குறைந்தது. தனுஷா அக்கா மேசையில் ஊன்றியிருந்த கையைத் தளர்த்தினா. சரி, தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். அப்படி நினைத்த உடனேயே பயம் கூடியது. கனகலிங்கம் சேர் தன் புத்தகத்தைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. மடியில் இருந்த புத்தகத்தின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார்.

‘களப்பு வழி’ அவர் தன் காசில் அச்சடித்த நாவல். இறுதி யுத்தத்தைப் பற்றியது. நூலகத்துக்கு ஐந்து பிரதி கொடுத்தார். நான் எடுத்த பிரதியின் திகதித் தாளில் 214ஐத் தவிர வேறு இலக்கம் இல்லை. அதில் ஒரு தாய் பதுங்குகுழியில் பிள்ளையை வைத்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போவா. திரும்ப முடியாமல் சனம் அவவை மற்றப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். நாலாம் நாள் யாரோ அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மழைத் தண்ணீர் குடித்து உயிரோடு இருக்கும்.

அந்தக் கதையைச் சொன்ன காலையில் ராஜரத்தினம் அண்ணை தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். “சரி. நல்லது” என்று மட்டும் சொன்னார். கிளாசில் மிச்சம் இருந்ததைக் குடிக்காமலே எழுந்து போனார். அன்று நான் அந்தப் புத்தகத்தில் எழுதிய வரியை அவருக்குச் சொல்லவில்லை. விசாரணைக்கு ஆயத்தம் செய்த இரண்டு நாளும் வாய்க்குள் வந்தது, சொல்லவில்லை. அந்தப் பிரதியை யாரும் திறக்க மாட்டார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். எழுதியவரே திறப்பார் என்பது மூளைக்கு எட்டவில்லை.

“என்ர புத்தகமும் வாசிச்சிருக்கிறீர்,” என்றார் கனகலிங்கம் சேர்.

“ஓம் ஐயா.”

“அந்தப் பிள்ளை திரும்பி வாற இடம். அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்?”

அண்ணையின் முகம் தெளிந்தது. இதற்கு அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

“அதுதான் ஐயா இவ்வளவு புத்தகத்திலயும் எனக்கு நல்லாப் பிடிச்ச இடம். அந்தப் பிள்ளை வரத்தான் வேணும். நீங்கள் வர விட்டது பெரிய காரியம்.”

கனகலிங்கம் சேர் புத்தகத்தைத் திறந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். அந்த வரியை அவர் பலமுறை வாசித்திருக்க வேண்டும். பக்கத்தைப் பெரிதாகப் பார்க்காமலே வாசித்தார்.

“‘நூற்றைம்பத்தாறாம் பக்கம் வரைக்கும் உண்மை. அதற்குப் பிறகு பொய். பிள்ளை திரும்பி வராது. எழுதியவருக்கும் அது தெரியும். தெரிந்தும் எழுதத் துணிவில்லை.’”

மேலே மின்விசிறி சுற்றியது. வெளியே முல்லைத்தீவு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

“இதை எழுதினதும் நீர்தானே, ராசரத்தினம்?”

அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். காப்பாற்று என்ற பார்வை அல்ல அது. நீ இதையா எழுதினாய் என்று கேட்கிற பார்வை. அவர் பார்த்த திசையில் ராஜினி மிஸ் பார்த்தா. பிறகு தயாபரன் சேர். தனுஷா அக்கா மட்டும் நிலத்தைப் பார்த்தா.

இனி மறைக்க எதுவும் இல்லை. புத்தகம் தந்தது அக்கா என்பதை மட்டும் மறைக்க வேண்டும். அதற்கு எனக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. குறிப்புக் கொப்பியில், கோணல் எழுத்துகளுக்குக் கீழே, ‘தெரிந்தும் எழுதத் துணிவில்லை’ என்று என் கையெழுத்தில் எழுதினேன். கொப்பியைத் திருப்பி மேசையில் தள்ளினேன்.

“எல்லாத்திலயும் எழுதினது நான். புத்தகம் எடுக்கிறது அண்ணைதான். வாசிச்சிட்டு வீட்டு விறாந்தையில வைப்பார். நான் அங்க போய் வாங்கி வாசிப்பன். அவருக்குத் தெரியாமல் எழுதினனான்.”

ராஜினி மிஸ் அண்ணையிடம் திரும்பினா. “அப்ப ஏன் நீங்கள் எழுதினதெண்டு சொன்னனீங்கள்?”

“பெடியன். படிப்பையும் விட்டிட்டு நிக்கிறான். பொலிஸ் அது இதெண்டு போனால் எண்டு பயந்திட்டன்.”

“பென்சிலுக்குப் பொலிஸோ அண்ணை?” என்றார் தயாபரன் சேர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மிஸ் கொப்பியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு நான் பயந்த கேள்வியைக் கேட்டா, என்னிடம் அல்ல.

“தனுஷா. மூண்டு வருஷமா இந்த அட்டைக்கு ஆர் வந்து புத்தகம் எடுத்தது?”

தனுஷா அக்கா பொய் சொல்கிற ஆள் இல்லை. தாமதக் கட்டணம் இரண்டு ரூபாயைக்கூட என்னிடம் விட்டுத்தந்ததில்லை. திகதி அடிக்கும் முத்திரையைக் கையில் எடுத்தா, கீழே வைத்தா.

“அவர்தான் மிஸ். ராஜரத்தினம் அண்ணைதான் வருவார். சனிக்கிழமைகளில.”

“இந்தப் பெடியன்?”

“பேப்பர் பார்க்க வருவார். அவ்வளவுதான்.”

மிஸ் ‘ம்’ என்றா. நம்பினாவா, நம்புவதாக முடிவெடுத்தாவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கனகலிங்கம் சேருக்கு இதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உமக்கு அப்ப எத்தினை வயது?”

“ஒன்பது.”

“எங்க நிண்டனீங்கள்?”

“உடையார்கட்டில. பிறகு இன்னும் உள்ளுக்க.”

“அப்ப எப்பிடித் தெரியும், பிள்ளை வராதெண்டு?”

“எங்கட வீட்டில வரேல்லை சேர்.”

அவர் தலையை ஆட்டினார். புத்தகத்தை மூடினார். “எங்கட வீட்டிலயும் வரேல்லை. அதுக்காகப் புத்தகத்திலயும் வரக்கூடாதோ?”

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும் என்று தெரிந்தது. தயாபரன் சேர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார்.

“வரக்கூடாது சேர்,” என்றேன். “வந்தால் மற்ற நூற்றைம்பத்தாறு பக்கத்தையும் ஆரும் நம்பமாட்டினம்.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்தார். புத்தகத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“மிஸ், இதை நான் கொண்டுபோறன்.”

“சேர், அது நூலகப் பிரதி.”

“வேற ஒண்டு தாறன். வீட்டில நிறையக் கிடக்கு.” கதவருகில் நின்று, “துணிவில்லாமல் அப்பிடி எழுதேல்லைத் தம்பி. அதை மட்டும் குறிப்பில போடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டேன். அதை என் கையெழுத்தில் போட்டேன்.

ராஜினி மிஸ் முடிவைச் சொல்லச் சொல்ல எழுதினேன். 214ஆம் இலக்க அட்டை இரத்து. நிரோஜன் என்பவர் முப்பத்தாறு புத்தகத்திலும் உள்ளதை இன்றைக்கே அழித்துக் கொடுக்க வேண்டும். இனி எந்த அட்டையிலும் அவருக்கு அங்கத்துவம் இல்லை. பிறகு தன் பையிலிருந்து அந்தச் சிபாரிசுக் கடிதத்தை எடுத்து, நின்றபடியே கையெழுத்து வைத்து, தனுஷா அக்காவின் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனா. தயாபரன் சேரும் பின்னால் போனார்.

ராஜரத்தினம் அண்ணை படிக்கட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். நான் போனேன்.

“பிள்ளை வந்ததெண்டுதானே சொன்னாய்,” என்றார்.

“புத்தகத்தில வந்ததுதான் அண்ணை.”

“பிறகேன் பொய்யெண்டு எழுதினாய்? எழுதினதை எனக்கும் சொல்லியிருக்கலாம்.”

“உங்களுக்குப் பிடிச்சிருந்தது.”

“அதுக்கு?” அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். மூன்றாம் உதையில் பிடித்தது. “நான் என்ன சின்னப் பிள்ளையோ?” என்னை ஏற்றிக்கொண்டு வந்தவர், ஏற்றாமலே போனார்.

உள்ளே தனுஷா அக்கா ஒரு அழிறப்பரை மேசையில் வைத்திருந்தா. நான் இருந்து அழிக்கத் தொடங்கினேன். டொக்டர், குதிரை, பாழடைந்த வீடு, கோப்பை கழுவும் மனைவி. பென்சில் என்றாலும் நான் அழுத்தி எழுதுகிறவன். எழுத்துப் போனாலும் பள்ளம் போகவில்லை. வெளிச்சத்தில் சரித்தால் வாசிக்கலாம். அதை அக்காவுக்குச் சொல்லவில்லை. தோட்ட நாவலில் அம்மாவைப் பற்றிய வரியில் கொஞ்சம் நின்றேன். அதையும் அழித்தேன்.

முடிய ஐந்து மணி ஆகிவிட்டது. அக்கா ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து பார்த்து அலுமாரியில் வைத்தா. நான் வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன்.

“அக்கா, நான்...”

“கதைக்காத நிரோ.” அது என் மேல் வந்த கோபம். வேறு எதுவும் இல்லை. “ஆறு வருஷத்தில ஒரு நாள் பொய் சொல்லேல்ல. இண்டைக்குச் சொன்னன். நீ இனி இந்த வாசல்ல நிண்டால் அந்தப் பொய்யும் வந்து நிக்கும். மிஸ் விசரி இல்ல. ரெண்டாவது தரம் பார்த்தா விளங்கிரும்.”

“பேப்பர் பார்க்கவும்...?”

“பேப்பரும் வேணாம். தேத்தண்ணிக் கடையில கிடக்கிற பேப்பரைப் பாரு.”

“வாசிக்க எங்க போறது?”

“மல்லாவிக்குப் போ. முல்லைத்தீவுக்குப் போ. எங்கயாவது போ. அங்கயும் பிணை கேப்பாங்க, அது உன்ர பாடு. எனக்கு ஒரு பிள்ளை இருக்கு.”

சிபாரிசுக் கடிதத்தை இரண்டாக மடித்து, கைப்பையின் உள்ளறையில் வைத்து, சிப்பை இழுத்தா. யன்னல்களைச் சாத்தினா. மின்விசிறியை நிறுத்தினா. நான் பாதி வாசித்த ஒரு நாவல் திருப்பி வந்த புத்தகங்களின் தட்டில் கிடந்தது. ஒரு குடும்பக் கதை, மூன்று தலைமுறை, இரண்டாம் தலைமுறையில் காணிப் பிரச்சினை தொடங்கிய இடத்தில் நிற்கிறேன். யார் பக்கம் தீர்ப்பு வரும் என்று தெரியாது. அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவவும் பார்த்தா. எடுத்து அலுமாரியில் வைத்தா.

“போ,” என்றா.

நான் வெளியே வந்தேன். அவவுக்கு இன்னும் உள்ளே வேலை இருந்தது; திங்கட்கிழமைக்கு ஒப்புவிக்க வேண்டிய பதிவேடுகள். எனக்குப் பின்னால் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு பூட்டில் திறப்பு இரண்டு தரம் திரும்பியது.